ஒன்பதாம் கேள்விக்கு ஒரே கட்டம்

குறிப்பு என்பது அவனுடைய பெயர் அல்ல. ஆனால் அந்தக் கார் ஷோரூமில் போய் அவனுடைய பெயரைக் கேட்டால் யாருக்கும் சட்டென்று சொல்ல வராது. யார் என்ன பேசினாலும் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து எழுதிக்கொள்வான். வேலை கிடைத்த அன்று அவனுடைய அக்கா வாங்கிக்கொடுத்த பேனா அது. கண்ணாடி துடைக்க வருகிறவர் "இன்னிக்கு வெயில் ஜாஸ்தி" என்றால்கூட எழுதிக்கொள்வான் என்று கூட வேலை செய்கிறவர்கள் கிண்டல் செய்வார்கள். அது கொஞ்சம் மிகை. வெயிலைப் பற்றி அவன் இரண்டு முறைதான் எழுதியிருக்கிறான்.

ஷோரூமின் நடுவில் ஒரு செடான் கார் நீட்டிப் படுத்திருந்தது. அதன் பெயரை எழுதினால் இந்தக் கதை விளம்பரமாகிவிடும். பெரிய கார் என்று வைத்துக்கொள்வோம். தினமும் காலையில் கடை திறப்பதற்கு முன்னால் ஊழியர்கள் அத்தனை பேரும் பெரிய காரைச் சுற்றி நிற்க வேண்டும். மேலாளர் கண்ணை மூடிக்கொள்வார். ஒவ்வொருவராக வந்து ஒரு கதவைத் திறந்து சாத்துவார்கள். டப் என்று ஒரு சத்தம் வரும். மேலாளர் ஒரு நிமிடம் கழித்துக் கண்ணைத் திறந்து, "இந்தச் சத்தம் போதும். இதைக் கேட்டவன் வேற எதையும் கேக்க மாட்டான்" என்பார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. பெரிய காரில் கேட்பதற்கு யாருக்கும் எதுவும் இல்லைதான். படியேறி வருகிறவர்கள் அதை ஒரு சுற்றுச் சுற்றி வருவார்கள், அதன் கண்ணாடியில் தலைமுடியைச் சரிசெய்துகொள்வார்கள், பிறகு நேராகக் குறிப்பிடம் வந்து நிற்பார்கள்.

"சின்னதா, கரண்ட்ல ஓடுற கார் ஏதாவது இருக்கா சார்?"

பிளம்பர் கேட்டார். டியூஷன் டீச்சர் கேட்டார். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்து கேட்டார். எல்லாருக்கும் வேண்டியது ஒன்றுதான்: ஊருக்குள் ஓட வேண்டும், சந்துக்குள் திரும்ப வேண்டும், வீட்டு பிளக்கில் சார்ஜ் ஏற வேண்டும், பின்கதவைத் தூக்கினால் மூட்டை முடிச்சை உள்ளே தள்ள முடிய வேண்டும். அப்படிப்பட்ட காரைத்தான் ஹேட்ச்பேக் என்கிறோம் என்று குறிப்பு அவர்களுக்கு எடுத்துச் சொல்வான். பேரு என்னவோ இருந்துட்டுப் போகட்டும், எப்போ வரும் என்று அவர்கள் கேட்பார்கள். "மேலிடத்துல சொல்லியிருக்கோம் சார்" என்று சொல்லிக் குறிப்பு எழுதிக்கொள்வான்.

எழுதுவதில் அவனுக்குச் சொந்த அக்கறையும் இருந்தது. அவனுடைய அக்கா வீடு வீடாகப் போகிற நர்ஸ். படுக்கையில் கிடப்பவர்களுக்குப் புண்ணுக்குக் கட்டு மாற்றுவாள், ஊசி போடுவாள், டியூப் மாற்றுவாள். ஒரு தகரப் பெட்டியை ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு ஒரு நாளைக்குப் பதினொரு வீடு ஏறி இறங்குவாள். ஒரு மழை நாளில் ஸ்கூட்டர் வழுக்கி, வலது முழங்காலில் மூன்று திருகாணி ஏறியது. "இனிமே ரெண்டு சக்கரம் வேணாம்மா. அப்புறம் இன்னும் மூணு திருகாணிக்கு என்கிட்டதான் வருவீங்க" என்றார் டாக்டர். பதினொரு வீடு ஆறு வீடாகச் சுருங்கியது. மீதி ஐந்து வீட்டில் கிடப்பவர்களை நினைத்து அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வேறு கம்பெனிகளில் சின்ன எலக்ட்ரிக் கார் வர ஆரம்பித்திருந்த நேரம். ஆனால் ஷோரூம் முதலாளியின் அம்மா அக்காவிடம் கட்டு மாற்றிக்கொண்டவர். அந்த வழியில்தான் குறிப்புக்கே வேலை கிடைத்தது. "உனக்குச் சோறு போடுற எடத்தை விட்டுட்டு எதிர்க் கடைக்குப் போயி வாங்கினா நல்லாவாடா இருக்கும்? உங்க கம்பெனியே செய்யட்டும். நான் பொறுத்துக்கறேன்" என்றாள் அக்கா.

"செய்வாங்க அக்கா. நான் எழுதிப் போடறேன்" என்றான் குறிப்பு. அதைச் சொல்லும்போது அவன் நம்பித்தான் சொன்னான்.

அந்த நம்பிக்கைக்குக் காரணம், அதே மாதம் தலைமை அலுவலகத்தில் தேவை அறியும் துறை என்று ஒன்று ஆரம்பித்திருந்தார்கள். துறையின் தலைவர் தேவை அதிகாரி என்று அழைக்கப்பட்டார். அவர் நேரில் வந்து ஷோரூம் சுவரில் எலக்ட்ரிக் கார் சார்ஜ் செய்யும் பெட்டி ஒன்றை ரிப்பன் வெட்டித் திறந்துவைத்தார். சார்ஜ் செய்ய அப்போது கார் இல்லாததால் காபி மெஷினை அதில் மாட்டினார்கள். எல்லாரும் காபி குடித்தார்கள். பிறகு அதிகாரி ஒரு கட்டுப் படிவத்தை மேஜைமேல் வைத்து ஊழியர்களைப் பார்த்துப் பேசினார்.

"இதுவரைக்கும் நாம் வாடிக்கையாளருக்கு விற்றோம். இனிமேல் அவரிடம் கேட்கப்போகிறோம். அவர் என்ன சொல்கிறாரோ அதைக் கேட்க வேண்டாம். அதை யார் வேண்டுமானாலும் கேட்டுவிடலாம். அவர் என்ன சொல்ல வந்தாரோ அதைக் கேளுங்கள்!"

குறிப்பு இரண்டு வரியையும் எழுதிக்கொண்டான். கைதட்டும்போது பேனாவை வாயில் கவ்விக்கொண்டான்.

படிவத்தில் ஒன்பது கேள்விகள் இருந்தன. முதல் ஆறும் பெயர், விலாசம், பிடித்த நிறம் என்று போயின. ஏழாவது, உங்களுக்கு எப்படிப்பட்ட கார் வேண்டும் என்று கேட்டு எட்டு வரி இடம் விட்டிருந்தது. அந்த எட்டு வரியைப் பார்த்துக் குறிப்பு நெகிழ்ந்துபோனான். எட்டாவது கேள்வி, காபி நன்றாக இருந்ததா. ஒன்பதாவது கேள்வி இது: இடம், பணம், பராமரிப்பு, ஓட்டுநர் ஆகிய எந்தக் கவலையும் இல்லாமல் ஒரு பெரிய செடான் கார் உங்கள் வாசலில் வந்து நின்றால், வேண்டாம் என்று திருப்பி அனுப்புவீர்களா? இதற்குப் பதிலாக ஒரு கட்டமும், கட்டத்துக்குப் பக்கத்தில் 'மாட்டேன்' என்ற சொல்லும் அச்சிடப்பட்டிருந்தன.

"சார், அனுப்புவேன்னு சொல்றவங்களுக்குக் கட்டம்?" என்று கேட்டான் குறிப்பு.

"முதல்ல ரெண்டு கட்டம் போட்டுத்தான் எங்க ஆபீஸ்ல சோதனை பண்ணோம்" என்றார் அதிகாரி பொறுமையாக. "நாப்பது பேருல ஒருத்தர்கூட அந்த ரெண்டாவது கட்டத்தைத் தொடல. எதுக்கு வீணா மை செலவுன்னு எடுத்துட்டோம்."

முதல் படிவத்தைக் குறிப்பு தன் அக்காவுக்கே நிரப்பினான். ஞாயிற்றுக்கிழமை, அக்கா வீட்டு ஹாலில், அவள் வலது காலை நாற்காலிமேல் நீட்டிக்கொண்டு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தபோது. ஏழாம் கேள்விக்கு எட்டு வரியும் போதாமல் ஓரத்தில்கூட எழுதினான். சீட் இடுப்பு உயரத்துக்கு இருக்க வேண்டும், உட்காரக் குனியவும் கூடாது, ஏறவும் கூடாது. பின்கதவு மேலே தூக்குவது. தகரப் பெட்டி வைக்கத் தட்டையான இடம். அக்கா வீட்டுச் சந்தின் அகலத்தை டேப் வைத்து அளந்து அதையும் எழுதினான்.

ஒன்பதாம் கேள்வியை வாசித்ததும் அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"சும்மா கொண்டாந்து நிறுத்தினா எவடா வேணாம்பா? யானையைச் சும்மா குடுத்தாலும் வாங்கித்தான் கட்டுவோம். அதை யாரு கேட்டா?"

"படிவத்துல இருக்குக்கா."

"சரி, அனுப்ப மாட்டேன்னு போட்டுக்கோ. அவங்க மனசு எதுக்கு நோகணும்."

குறிப்பு டிக் அடித்தான். கீழே 'சரிபார்த்தேன்' என்ற இடத்தில் கையெழுத்தும் போட்டான். படிவ எண் ஒன்று.

அடுத்த இரண்டு வருடத்தில் அவன் ஆயிரத்து நானூறு படிவங்களை நிரப்பினான். ஏழாம் கேள்விக்கு வந்த பதில்களில் ஆயிரத்து முன்னூற்றுச் சொச்சம் சின்ன எலக்ட்ரிக் கார். ஒன்பதாம் கேள்விக்கு வந்த பதில்களில் ஆயிரத்து நானூறும் 'மாட்டேன்'. எல்லாவற்றின் அடியிலும் அவனுடைய கையெழுத்து. அக்கா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் "என்னடா, எதாவது தகவல்?" என்பாள். "பேசிக்கிட்டிருக்காங்கக்கா" என்பான். அவள் திங்கட்கிழமை காலையில் முழங்காலில் பட்டையைச் சுற்றிக்கொண்டு, டாக்டர் பேச்சைக் காற்றில் விட்டுவிட்டு, அதே ஸ்கூட்டரை எடுப்பாள். தம்பி சொன்னால் சரியாக இருக்கும் என்று அவளுக்கு ஒரு கணக்கு.

மாதாமாதம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு தாள் திரும்பி வரும். தேவை நிலவரம் என்று தலைப்பு. அதில் ஒன்பதாம் கேள்வியின் விவரம் மட்டும் வண்ணத்தில் அச்சாகியிருக்கும். ஏழாம் கேள்வி அதில் இல்லவே இல்லை என்பதைக் குறிப்பு கவனிக்க ஒரு வருடம் ஆயிற்று. கவனித்த அன்றைக்கே மேலாளரிடம் போய்க் கேட்டான்.

"ஏழாவதா? அது வர்றவங்க மனசு ஆறுறதுக்குப்பா" என்றார் மேலாளர். "எதையாவது சொல்லணும்னு வராங்க. நாம எழுதினா திருப்தியா போறாங்க. ஆஸ்பத்திரியில நாக்கை நீட்டச் சொல்றாங்களே, அந்த மாதிரி."

"அப்போ சின்ன கார்?"

"கேட்டிருக்காங்கல்ல? எழுதியிருக்கல்ல? அப்புறம் என்ன?"

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லி, "எதிர்க் கடையிலயே வாங்கிக்கோக்கா" என்று சொல்லிவிடுவது என்று குறிப்பு முடிவு செய்தான். ஆனால் அதற்குள் மத்தியானம் ஒரு கடிதம் வந்துவிட்டது. மிக அதிகமான தேவையைச் சேகரித்தவர் என்ற முறையில் அவன் முதுநிலைக் குறிப்பாளராக உயர்த்தப்பட்டிருந்தான். அப்படி ஒரு பதவி அதுவரை இல்லை, அவனுக்காகவே உண்டாக்கினார்கள். கண்ணாடித் தடுப்பு வைத்த ஒரு அறை கொடுத்தார்கள். மூலையில் ஒரு பிளாஸ்டிக் செடி வைத்தார்கள். சாயங்காலம் அவன் அக்கா வீட்டுக்குப் போனான். பதவி உயர்வைச் சொன்னான். ஏழாம் கேள்வியைப் பற்றிச் சொல்லவில்லை. நோட்டிலும் எழுதவில்லை. காதில் விழுந்தும் அவன் எழுதாமல் விட்ட ஒரே விஷயம் அதுதான்.

"பாத்தியா, உன் பேச்சுக்கு அங்க மதிப்பு இருக்கு" என்று அக்கா சந்தோஷப்பட்டாள். "இனிமே சீக்கிரம் செஞ்சிருவாங்க."

வருடாந்தரக் கூட்டத்தில் தேவை அதிகாரி மேடையேறியபோது பின்னால் இருந்த திரையில் குறிப்பின் கையெழுத்து ஆள் உயரத்துக்குத் தெரிந்தது. 'மாட்டேன்' கட்டமும் டிக்கும் 'சரிபார்த்தேன்' என்ற வரியும்.

"நண்பர்களே, மக்கள் நம்மிடம் சின்ன கார் கேட்கிறார்கள் என்று சிலர் சொல்கிறார்கள்" என்று ஆரம்பித்தார் அதிகாரி. "ஆமாம், கேட்கிறார்கள். ஏன் கேட்கிறார்கள்? அடக்கம்! ஒரு வீட்டுக்கு விருந்தாளியாகப் போகிறோம். சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால் உடனே ஆமாம் என்றா சொல்கிறோம்? கொஞ்சம் தண்ணீர் போதும் என்கிறோம். தண்ணீர் கேட்டவருக்குத் தண்ணீர் மட்டும் கொடுத்து அனுப்புகிறவன் மனிதனா? எங்கள் துறை இரண்டு வருடம் ஆராய்ந்து, சின்ன கார் கேட்கும் ஒவ்வொருவரிடமிருந்தும் அடக்கத்தைக் கழித்துப் பார்த்தது. மிஞ்சியது செடான். எவ்வளவு சின்ன கார் கேட்கிறாரோ, அவ்வளவு பெரிய அடக்கம். எவ்வளவு பெரிய அடக்கமோ, அவ்வளவு நீளமான செடான். ஆகவே இப்போது இருப்பதைவிட இரண்டு முழம் நீளமான புதிய காரைச் செய்யப்போகிறோம். மக்கள் கேட்டார்கள். நாம் செவிசாய்த்தோம்!"

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. குறிப்பும் எழுந்து நின்றான். பிளம்பரும் டீச்சரும் தபால்காரரும் வரிசையாக வந்து தன்னிடம் சொன்னதை எல்லாம், தான் அழகான கையெழுத்தில் எழுதி, கையெழுத்தும் போட்டு, இந்த மனிதன் கையில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறோம் என்று புரிந்தது. இவ்வளவு நாளும் என் காதில் பூச்சுற்றியிருக்கிறார்கள் என்று நினைத்தான். ஆத்திரம் வந்தது. கை அதுபாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தது.

புதிய கார் வெளிவர இன்னும் ஒரு வருடம் ஆயிற்று. வெளியீட்டு விழாவை முதன்முதலில் கேட்டவரின் வீட்டு வாசலிலேயே வைக்க வேண்டும் என்பது அதிகாரியின் யோசனை. பதிவேட்டைப் புரட்டினார்கள். படிவ எண் ஒன்று.

குறிப்பு முதல் நாள் இரவே அக்காவிடம் சொல்லியிருக்கலாம். "கம்பெனிக்காரங்க வராங்கக்கா, வந்து பேசுவாங்க" என்று மட்டும் சொன்னான். வாய்க்கு வந்தது அவ்வளவுதான். அக்கா அதை வைத்து என்ன நினைத்துக்கொண்டாளோ, காலையில் நல்ல சேலை கட்டி, தகரப் பெட்டியைத் துடைத்துப் பளபளவென்று வாசலில் எடுத்து வைத்திருந்தாள். வண்டியில் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்க.

கார் சந்துக்குள் திரும்பவில்லை. முன்பக்கம் நுழைந்தது, பின்பக்கம் மெயின் ரோட்டிலேயே நின்றுகொண்டது. அதற்கு முன்னால் ஒரு காய்கறி வண்டி, பின்னால் ஒரு பஸ், பஸ்ஸுக்குப் பின்னால் ஊரே ஹாரன் அடித்தது. பக்கத்து வீட்டு மதிலை இடிக்கலாமா என்று அதிகாரி மேலாளரிடம் மெதுவாக விசாரித்தார். கடைசியில் காரைப் பின்னுக்கு எடுத்து மெயின் ரோட்டில் நிறுத்தி, அக்காவை அங்கே நடத்திக் கூட்டிப்போனார்கள். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தாள்.

"இது எதுக்குடா இங்க நிக்குது? நம்ம கார் எங்க?"

குறிப்பு வாயைத் திறப்பதற்குள் அவளை உள்ளே உட்காரவைத்துவிட்டார்கள். சீட் தரையோடு தரையாக இருந்தது. அவள் உட்கார்ந்தாள் என்பதைவிட விழுந்தாள் என்பது சரி. டப் என்று கதவைச் சாத்தினார்கள். மேலாளர் கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரி சாலையோரமாக நின்று, ஒரு சாதாரண நர்ஸின் கனவு இன்று நனவாகியிருக்கிறது என்று மைக்கில் பேசினார். கார் அக்காவுக்குச் சும்மா இல்லை என்பதையும், வாங்குவதற்கான முதல் உரிமை மட்டுமே பரிசு என்பதையும் சிறிய குரலில் சேர்த்துக்கொண்டார்.

பேச்சு முடிந்து கதவைத் திறந்தபோது அக்காவால் எழுந்திருக்க முடியவில்லை. முழங்கால் மடங்கிய இடத்திலேயே பூட்டிக்கொண்டுவிட்டது. குறிப்பு ஓடிப்போய் அவள் இரண்டு கையையும் பிடித்து வெளியே இழுத்தான். வலியில் அவள் வாய் கோணிற்று, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. போட்டோக்காரர் அந்த நேரம் பார்த்துக் கிளிக் செய்தார். மறுநாள் பத்திரிகைகளில் அரைப் பக்கம் வந்தது: ஆனந்தக் கண்ணீர்.

"ஏன்டா, நான் எதைக் கேட்டேன்னு எழுதினே?" என்றாள் அக்கா, எல்லாரும் போன பிறகு.

"நீ சொன்னதைத்தான்கா எழுதினேன். அவங்கதான் ஏமாத்திட்டாங்க. என்னையும் சேர்த்துத்தான் ஏமாத்திட்டாங்க."

"எப்போ தெரியும் உனக்கு?"

குறிப்பு பெட்டியைத் தூக்கக் குனிந்தான். அக்கா அதைத் தானே தூக்கிக்கொண்டு சந்துக்குள் நடந்தாள். அவன் தூக்கிவருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று கையை ஆட்டினாள்.

புதிய கார் விற்கவில்லை. முதல் மாதம் ஒன்று விற்றது; அதை மேலாளரின் மைத்துனர் வாங்கி, இரண்டாம் மாதம் திருப்பிக் கொடுத்தார். ஷோரூமுக்குப் பின்னால் இருந்த முற்றத்தில் கார்களை வரிசையாக நிறுத்தினார்கள். அவை நீளமாக இருந்ததால் முற்றம் சீக்கிரமே நிறைந்துவிட்டது. மற்ற ஊர்களிலும் இதே கதிதான் என்று கேள்வி.

இதைக் கம்பெனி லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மிகவும் மனம் புண்பட்டுப்போனது. படிவம் நிரப்பிய ஆயிரத்து நானூறு பேருக்கும் கடிதம் போட்டார்கள்: தாங்கள் கேட்டதை நாங்கள் செய்தோம். தாங்கள் வாங்கவில்லை. இந்த நம்பிக்கைத் துரோகத்தை நாங்கள் தங்களிடம் எதிர்பார்க்கவில்லை. ஓய்வுபெற்ற தபால்காரர் தனக்கு வந்த கடிதத்தை எடுத்துக்கொண்டு ஷோரூமுக்கு வந்து, முப்பது வருடம் தபால் கொடுத்திருக்கிறேன், இப்படி ஒரு தபாலைப் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்து ஒரு விசாரணை வைத்தார்கள். ஏமாற்றியது யார் என்பது கேள்வி. நடந்தது எல்லாம் முழுமையாகத் தெரிந்தவர் என்ற தகுதியில் தேவை அதிகாரியே விசாரணைக்கும் தலைமை தாங்கினார். முதல் நாள் அவர் குறிப்பைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"தம்பி, ரெண்டே வழிதான். ஒண்ணு, வாடிக்கையாளர் கேட்டுட்டு வாக்கு மாறிட்டாங்க. இல்லேன்னா, அவங்க கேக்காததை நீ எழுதிட்டே. ஆயிரத்து நானூறு கையெழுத்தும் உன்னோடது. எங்க துறை கையெழுத்து ஒண்ணுகூட இல்ல பாரு."

"சார், ஏழாம் கேள்வியில அவங்க கேட்டது..."

"ஏழாம் கேள்வி விசாரணை வரம்புல வரல."

மறுநாள் சாட்சியாக அக்கா வரவழைக்கப்பட்டாள். ஷோரூமின் மாடி அறை. நீண்ட மேஜை, மேஜையில் மூன்று தண்ணீர் பாட்டில், ஜன்னலுக்குக் கீழே பின்முற்றம். வெளியீட்டு விழாவுக்குப் பிறகு அவள் குறிப்பிடம் சரியாகப் பேசியிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனால் டீ கொடுப்பாள், தகவல் கேட்கமாட்டாள். இப்போதும் அவனைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். பார்க்கத் தெம்பாக இருந்தாள். முழங்காலில் பட்டை இல்லை.

"நீங்க எங்க கம்பெனியில கார் கேட்டீங்களாம்மா?" என்றார் அதிகாரி.

"கேட்டேன் சார். சின்னதா ஒண்ணு."

"நீங்க சின்னதாத்தான் கேட்டீங்க. நாங்க பெரிசாவே செஞ்சோம். வாங்கினீங்களா?"

"அது எங்க சந்துல நுழையல சார். எனக்கு அதுல உக்காந்தா எந்திரிக்க முடியல."

"சந்து எங்க தயாரிப்பு இல்லம்மா. முழங்காலும் எங்க தயாரிப்பு இல்ல." அதிகாரி படிவ எண் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். "திருப்பி அனுப்ப மாட்டேன்னு இங்க சொல்லியிருக்கீங்க."

"அது சிரிச்சுக்கிட்டே என் தம்பிகிட்ட சொன்னது."

"சிரிச்சதுக்குக் கட்டம் இல்லையே."

"சரி சார். இப்போ சிரிக்காம சொல்றேன். சும்மா குடுத்தாலும் வேணாம். பெட்ரோல் போட்டு, டிரைவர் வச்சு, வாசல்ல கொண்டாந்து நிறுத்தினாலும் திருப்பித்தான் அனுப்புவேன். எழுதிக்கோங்க."

மேலாளர் தண்ணீர் குடித்தார். அதிகாரி யோசித்துவிட்டு ஒரு புதுப் படிவத்தை எடுத்துக் குறிப்பின் முன்னால் தள்ளினார்.

"சாட்சி மறுபடி பதில் சொல்லியிருக்காங்க. பதிவு பண்ணுப்பா."

"சார், இதுல ஒரு கட்டம்தான் இருக்கு."

"ஆமா. பதில்னா கட்டத்துக்குள்ள இருக்கணும். கட்டத்துக்கு வெளிய இருந்தா அது அபிப்பிராயம். டிக் பண்ணிட்டா சாட்சி அன்னிக்கும் இன்னிக்கும் வேணும்னுதான் சொல்றாங்க, ஆனா கேட்டுட்டு வாங்காம விட்டாங்கன்னு முடிவாயிரும். உன் மேல ஒரு தப்பும் வராது. பண்ணலேன்னா பழைய படிவம் எல்லாத்தையும் நீயே ஜோடிச்சேன்னு ஆகும். உன் இஷ்டம்."

குறிப்பு பேனாவைத் திறந்தான். படிவத்தைச் சுற்றி நாலு பக்கமும் வெள்ளையாக இடம் இருந்தது. அந்த இடத்தில் 'அனுப்புவேன்' என்று ஒரு சொல் எழுதினால் போதும். பஸ் டிக்கெட்டின் பின்னால், கைக்குட்டையில், ஒரு முறை உள்ளங்கையில்கூட எழுதியவன் அவன். அந்த வெள்ளை இடத்தைப் பார்த்தான். கண்ணாடி அறையையும் பிளாஸ்டிக் செடியையும் நினைத்தான். பிறகு கட்டத்துக்குள் டிக் அடித்துக் கீழே 'சரிபார்த்தேன்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டான்.

அக்கா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. தான் வாங்கிக்கொடுத்த பேனாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் நல்லா எழுதுது" என்றாள். எழுந்து, நாற்காலியை மேஜைக்கு அடியில் ஒழுங்காகத் தள்ளிவிட்டு வெளியே போனாள்.

விசாரணை முடிந்தது என்று அறிவித்தார்கள். வாடிக்கையாளரே குற்றவாளி. அதிகாரி நிம்மதியாக ஒரு கோப்பை காபியை எடுத்துக்கொண்டு ஜன்னலருகே போனார். குறிப்பையும் கூப்பிட்டுத் தோளில் கைபோட்டுக்கொண்டார். கீழே முற்றத்தில் விற்காத கார்கள் நீள நீளமாக நின்றன. அவற்றில் இரண்டுக்கு நடுவே, சைக்கிள் மட்டுமே நிறுத்தலாம் என்று ஊழியர்கள் நினைத்திருந்த இடைவெளியில், சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன எலக்ட்ரிக் கார் கச்சிதமாக நின்றிருந்தது. வேறு கம்பெனிக் கார். இடுப்பு உயரத்தில் சீட். மேலே தூக்கும் பின்கதவு. கண்ணாடி வழியாக உள்ளே, தட்டையான இடத்தில், ஒரு தகரப் பெட்டி தெரிந்தது. ஏழாம் கேள்விக்கு அவன் எழுதிய எட்டு வரியும் ஓரத்தில் எழுதியதும் அங்கே சக்கரம் கட்டி நின்றன.

வீட்டில் ஒரு தம்ளர் வாங்கினாலும் முதலில் அவனிடம் சொல்கிறவள் அக்கா. இதைச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது நியாயம்தான் என்று குறிப்புக்குத் தெரிந்தது.

கார் சத்தமில்லாமல் வெளியே வந்து, ஒரே வளைவில் திரும்பியது.

"யாரு கார் அது, நம்ம இடத்துல?" என்றார் அதிகாரி.

"தெரியல சார். யாரோ."

முற்றத்தின் வாசலில் கார் நின்றது. ஓட்டுகிறவர் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, மாடி ஜன்னல் இருக்கும் பக்கம் திரும்பிப் பார்த்தார். கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். குறிப்பு ஒரு அடி பின்னால் நகர்ந்து நின்றான். கண்ணாடி ஏறியது. கார் போய்விட்டது.

"பாத்தியா?" என்று அதிகாரி அவன் தோளைத் தட்டினார். "போகவே மனசு வரல. சின்ன காரை வாங்கிட்டு, வாசல் வரைக்கும் போயும் நம்ம பெரிய காரைத் திரும்பித் திரும்பிப் பாக்கறாங்க. இதுதான் ஏக்கம். அடுத்த காருக்கு இதுதான் ஆதாரம். எழுதிக்கோ."

குறிப்பு பையிலிருந்து பேனாவை எடுத்து எழுதிக்கொண்டான்.